மவுஸ் இல்லாமலும் திறக்கும் இணையதளம்: தொடக்க நிலையினருக்குப் படிப்படியாக

மவுஸைக் கழற்றி ஓரமாக வையுங்கள். லேப்டாப் என்றால் டச்பேடைத் தொடாதீர்கள். இப்போது உங்கள் இணையதளத்தைத் திறந்து, கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். முடியவில்லையா? அப்படியென்றால் கை நடுக்கம் உள்ளவர், மணிக்கட்டு வலியால் மவுஸ் பிடிக்க முடியாதவர், பார்வை இல்லாமல், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளின் குரலை நம்பி இணையத்தில் உலவுபவர் யாருமே அந்தப் படிவத்தை அனுப்ப முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக மக்களில் சுமார் 16 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டுடன் வாழ்கிறார்கள். வயதாகிக் கண் மங்கியவர்கள், கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவர்கள் என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

இவர்களும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்கான விதிமுறைகளை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999 முதல் வெளியிட்டு வருகிறது. டபிள்யூசிஏஜி என்று பெயர். 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என மூன்று நிலைகள் உண்டு. பொதுவாக டபுள் ஏ நிலையைத்தான் இலக்காக வைத்துக்கொள்வார்கள். ஆனால் புதியவர்கள் அந்த ஆவணத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். மலைத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எச்டிஎம்எல் என்பது பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழி. அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கத்தை ஸ்கிரீன் ரீடர் நன்றாகவே படிக்கும், கீபோர்டு நன்றாகவே இயக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மடங்கி அடங்கும். அதன் மேல் நாம் அடுக்குவதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. கீழே உள்ள படிகளில் பாதி, நாம் பிடுங்கியதைத் திரும்பக் கொடுக்கும் வேலைதான்.

படி 1: கீபோர்டில் நடந்து பாருங்கள்

டேப் விசை முன்னே போகும், ஷிஃப்டோடு சேர்த்தால் பின்னே வரும். என்டர் இணைப்பைத் திறக்கும், ஸ்பேஸ் பட்டனை அழுத்தும், எஸ்கேப் மேலெழும் பெட்டியை மூடும். போகும்போது மூன்றைக் கவனியுங்கள்: இப்போது எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறதா, படிக்கும் வரிசையிலேயே நகர்கிறதா, எங்காவது மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகிறதா.

எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை என்றால், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் 'அவுட்லைன்: நன்' என்று யாரோ எழுதியிருப்பார்கள். நிற்கும் இடத்தைச் சுற்றித் தெரியும் வளையம் அசிங்கமாக இருக்கிறது என்று நீக்கியிருப்பார்கள். நீக்க வேண்டாம், மாற்றுங்கள். உங்கள் தளத்தின் நிறத்திலேயே தடித்த கோடாகப் போடலாம். 'ஃபோகஸ்-விசிபிள்' என்ற தேர்வியைப் பயன்படுத்தினால் மவுஸால் பட்டனைச் சொடுக்குபவர்களுக்கு வளையம் தெரியாது, கீபோர்டில் வருபவர்களுக்கு மட்டும் தெரியும்.

படி 2: பட்டன் என்றால் பட்டன் டேக்

பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் என்ன என்று எச்டிஎம்எல்லில் குறிப்பதுதான் டேக். எந்தப் பொருளும் இல்லாத வெறும் பெட்டியான டிவ் டேக்கை எடுத்து, நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, சொடுக்கினால் இயங்கும் ஆன்கிளிக் சேர்த்தால் பார்க்கப் பட்டன் போலவே இருக்கும். ஆனால் டேப் அதன்மேல் நிற்காது. என்டருக்கும் ஸ்பேஸுக்கும் அசையாது. ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லாமல் வெறும் எழுத்தாகப் படித்துவிட்டுப் போகும். இந்த மூன்றையும் ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்ப்பதைவிட, பட்டன் டேக்கைப் போட்டால் எல்லாம் இலவசமாக வருகிறது. வேறு பக்கத்துக்குப் போவதற்கு இணைப்பு, ஏதாவது செய்வதற்குப் பட்டன். இந்த வேறுபாட்டை மட்டும் மாற்றாதீர்கள்.

ஒரு பகுதி என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல டேக்குக்குள் எழுதும் ஏரியா (ARIA) என்ற பண்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றுக்கான முதல் விதியே, எச்டிஎம்எல்லில் அதற்கென டேக் இருந்தால் ஏரியாவைத் தொடாதே என்பதுதான். மேலெழும் பெட்டிக்கும் இப்போது டயலாக் டேக் இருக்கிறது. அதை 'ஷோமோடல்' முறையில் திறந்தால் எஸ்கேப் தானாக மூடும், பின்னால் உள்ள பக்கத்துக்கு டேப் ஓடிப்போகாது.

படி 3: மொழியும் தலைப்புகளும்

பக்கத்தின் முதல் டேக்கில் 'லாங்' பண்பு இருக்க வேண்டும். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்வது அதுதான். தமிழுக்கு அதன் மதிப்பு 'டிஏ' (ta). அது ஆங்கிலம் என்று இருந்தால், ஸ்கிரீன் ரீடர் தமிழ் எழுத்துகளை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தடுமாறும், அல்லது அப்படியே விட்டுவிடும். நடுவில் ஆங்கில வரி வந்தால் அந்த வரிக்கு மட்டும் தனியாக மொழியைக் குறிக்கலாம்.

பழைய தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் 'அம்மா' என்பது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கிறது. கண்ணுக்கு அம்மா, ஸ்கிரீன் ரீடருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அப்படிப்பட்ட பக்கங்கள் உங்களிடம் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

தலைப்புகளுக்கு எச்1 முதல் எச்6 வரையுள்ள டேக்குகளைப் படிநிலை மாறாமல் பயன்படுத்துங்கள். சாதாரண வரியைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகாது. பார்வை உள்ளவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து வேண்டிய இடத்துக்குப் போவதுபோல, ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் போகிறார்.

படி 4: படங்களுக்கு மாற்று உரை

'ஆல்ட்' பண்பையே விட்டுவிட்டால், பல நேரம் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டிவரும். அது பெரிய சித்திரவதை. ஆனால் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், இந்த இடத்தில் இந்தப் படம் எதற்கு என்று கேளுங்கள். காலில் கட்டுப் போட்ட நாயின் படம் ஒன்று இருக்கிறது. முதலுதவி விளக்கும் பக்கத்தில் 'முன்னங்காலில் பாதத்திலிருந்து மூட்டுக்குக் கீழே வரை சுற்றிய கட்டு, விரல் நுனிகள் வெளியே தெரிகின்றன' என்று எழுத வேண்டும். அதே படம் வேறொரு பக்கத்தின் ஓரத்தில் சும்மா அழகுக்கு நின்றால், ஆல்ட்டை வெற்று மேற்கோளாக விடுங்கள். ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போய்விடும். படமே இணைப்பாக இருந்தால் அது எங்கே கொண்டுபோகும் என்று எழுதுங்கள். 'படம்' என்ற சொல்லை எழுத வேண்டாம், அதைக் கருவியே சொல்லிவிடும்.

படி 5: படிவங்கள்

ஆட்கள் கைவிட்டுப் போகிற இடம் இதுதான், அதனால் இங்கே நேரம் செலவழியுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் டேக் வேண்டும். லேபிளின் 'ஃபார்' பண்பும் பெட்டியின் 'ஐடி' பண்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சரியா என்று பார்க்க எளிய வழி: லேபிளின் எழுத்தைச் சொடுக்குங்கள், கர்சர் பெட்டிக்குள் போனால் சரி. பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டர், லேபிளுக்கு மாற்று அல்ல. தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும்; பாதியில் கவனம் சிதறியவருக்கு எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்றே தெரியாது.

பிழை வந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவது மட்டும் போதாது. 'தவறான உள்ளீடு' என்று எழுதினாலும் யாருக்கும் உதவாது. 'மின்னஞ்சல் முகவரியில் @ குறி இல்லை' என்று எழுதுங்கள். அந்த வரியை 'ஏரியா-டிஸ்கிரைப்ட்பை' பண்பால் பெட்டியோடு இணைத்து, பிழையுள்ள முதல் பெட்டிக்குக் கர்சரைக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் சிரமப்பட்டு அடித்த ஒருவரை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வது கொடுமை. கடவுச்சொல் பெட்டியில் பேஸ்ட் செய்வதையும் தடுக்காதீர்கள்.

படி 6: நிறமும் அளவும்

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் 4.48 வருகிறது, தேறாது. #767676 தேறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் கண்ணை நம்பாமல் கருவியில் அளந்து பாருங்கள்; குரோம் பிரவுசரில் உள்ள டெவ் டூல்ஸ் என்ற உருவாக்குநர் கருவிகளில் நிறத்தைச் சொடுக்கினால் விகிதம் தெரியும். இப்படி எல்லைக்கோட்டில் நிற்காமல் #595959 பக்கம் போய்விடுங்கள் என்பது என் கருத்து. அது 7-க்கு 1.

அப்புறம் பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்குங்கள். ஒரு வரியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தால் வடிவமைப்பைத் திருத்துங்கள். மொபைலில் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் 'யூசர்-ஸ்கேலபிள்=நோ' இருந்தால் உடனே நீக்குங்கள். தொடும் பட்டன்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல்; 44 இருந்தால் விரலுக்கு நிம்மதி.

வீடியோவுக்குத் திருத்திய வசனவரிகள் வேண்டும்; தானாக உருவாகும் வரிகளை அப்படியே விட்டால் பெயர்களும் எண்களும் தப்பாகத்தான் வரும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் போடாதீர்கள். வலிப்பு வரலாம்.

படி 7: காதால் கேளுங்கள்

லைட்ஹவுஸ், வேவ் போன்ற தானாகச் சோதிக்கும் கருவிகள் சில நிமிடங்களில் பல பிழைகளைக் காட்டும். ஓட்டிப் பாருங்கள், ஆனால் 100 மதிப்பெண் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஆல்ட் இருக்கிறதா என்று கருவி சொல்லும். அதில் எழுதியது உருப்படியா என்று அதற்குத் தெரியாது. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று விற்கப்படும் மிதக்கும் பட்டன்களையும் வாங்காதீர்கள். உள்ளே உள்ள டிவ் அப்படியே டிவ்வாகத்தான் இருக்கும்.

விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவரும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. என்விடிஏவை ஓடவிட்டு, எச் விசையை அழுத்தித் தலைப்புகளில் தாவுங்கள், கே விசையில் இணைப்புகளைக் கேளுங்கள். 'இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்' என்று வரிசையாகக் கேட்டால், இணைப்புகளுக்கு ஏன் தெளிவான பெயர் வேண்டும் என்று விளங்கிவிடும். பேச்சை நிறுத்த கண்ட்ரோல் விசை.

இவ்வளவும் செய்த பிறகு, ஸ்கிரீன் ரீடரைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரிடம் தளத்தைக் கொடுத்து ஒரு வேலையை முடிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது இடையில் புகுந்து வழி சொல்லாதீர்கள். எங்கே நின்றார், எதை எதிர்பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் செலவழித்த நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுத்துவிடுங்கள்.