பிரிண்ட் அழகா வந்தும் மடிச்சதும் சொதப்புதா? டிசைன் பேப்பர் கிராஃப்ட்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசைன் பேப்பரை பிரிண்ட் எடுத்து பெட்டி, கவர், வாழ்த்து அட்டைன்னு செய்றவங்க நிறைய பேர் மடிக்கும்போதுதான் தப்பு நடக்குதுன்னு நினைக்கிறாங்க, எனக்கு கை வரல, பொறுமை இல்லன்னு சொல்லி பாதியில விட்டுடுறாங்க. என்னைக் கேட்டா பெரும்பாலான தப்பு பிரிண்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும், மடிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். வெறும் வெள்ளைத் தாளை மடிக்கிறதும் டிசைன் அச்சான தாளை மடிக்கிறதும் வேற வேற வேலைங்க. வெள்ளைத் தாள்ல மடிப்பு 1 மில்லிமீட்டர் தள்ளிப் போனா யாரும் கவனிக்க மாட்டாங்க, அதே இது கோடு கோடா கட்டம் கட்டமா இருக்கிற டிசைன்ல போனா எடுத்தவுடனே கண்ணு அங்கதான் போகும்.

முதல் தப்பு அளவு. பிரிண்ட் செட்டிங்ஸ்ல ‘ஃபிட் டு பேஜ்’னு ஒண்ணு இருக்கும், நிறைய சாஃப்ட்வேர்ல அது தானாவே ஆன் ஆகி இருக்கும், அதை அப்படியே விட்டுட்டு பிரிண்ட் குடுத்தா டெம்ப்ளேட், அதாவது வெட்டு, மடிப்புக் கோடு போட்ட மாதிரி வரைபடம், சத்தமில்லாம சுருங்கி வரும். அமெரிக்காவுல புழங்குற லெட்டர் சைஸ் தாளுக்கு வரைஞ்ச ஃபைல ஏ4 தாள்ல ஃபிட் பண்ணா 97 சதவீதம் ஆயிடும், ஏ4 ஃபைல லெட்டர்ல ஃபிட் பண்ணா 94 சதவீதம். ஏன்னா ஏ4 210க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் தாள் 216க்கு 279, ஒண்ணு குறுகலா நீளம், இன்னொண்ணு அகலமா குட்டை. பெட்டி முழுசும் ஒரே மாதிரி சுருங்கினா கூட பரவாயில்ல, அடிப்பெட்டியை இன்னைக்கு ஒரு செட்டிங்ல எடுத்துட்டு மூடியை நாளைக்கு வேற செட்டிங்ல எடுத்தா ரெண்டும் ஜென்மத்துக்கும் பொருந்தாது. அதனால எப்பவும் ‘ஆக்சுவல் சைஸ்’ இல்லன்னா 100 சதவீதம்னு வைங்க, நல்ல டெம்ப்ளேட்டுல ஓரத்துல அளவு பாக்க ஒரு சின்ன கட்டம் குடுத்திருப்பாங்க, அதை ஸ்கேல் வச்சு அளந்துட்டு அப்புறம் கத்தரிக்கோலை எடுங்க. கட்டம் குடுக்கலன்னா 5 சென்டிமீட்டர் கட்டம் ஒண்ணை நீங்களே ஓரத்துல போட்டு எடுத்துக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்து படத்தோட தரம். ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கிற டிசைன் தாள்ல மங்கலா, சின்ன சின்ன சதுரமா உடைஞ்சு வருதுன்னா பிரிண்டரைத் திட்டாதீங்க. ஏ4 முழுசும் 300 டிபிஐ-ல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்குல, தெளிவா வரணும்னா படம் 2480க்கு 3508 பிக்சல் இருக்கணும். 800 பிக்சல் அகலப் படத்தை ஏ4 அகலத்துக்கு இழுத்தா 100 டிபிஐ கூட தேறாது, மெல்லிசான கோலக்கோடு, இலை நரம்பு மாதிரி விவரம் எல்லாம் கலங்கிப் போயிடும். தேடும்போது வர்ற சின்ன மாதிரிப் படத்தை சேவ் பண்ணாம ஒரிஜினல் ஃபைலையோ பிடிஎஃப்-ஐயோ டவுன்லோட் பண்ணுங்க. நிறமும் ஸ்கிரீன்ல பாத்த மாதிரியே வராது, மின்னுற பச்சை, நீலம் எல்லாம் தாள்ல கொஞ்சம் அடங்கித்தான் வரும், அது இயல்பு, ஒரு மூலையை மட்டும் சின்னதா டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாத்துக்கங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன், யாரும் இதை சரியா சொல்லித் தர்றதில்ல. டிசைனோட திசை. மடிச்சு முடிச்சப்புறம் தாளோட எந்தப் பகுதி எங்க போய் உக்காரும்னு யோசிக்காமலே எல்லாரும் பிரிண்ட் எடுக்கிறாங்க. ஜப்பான்ல மசுன்னு சொல்ற சதுரப் பெட்டி, நாலு மூலையையும் நடுவுக்கு மடிச்சு ஆரம்பிப்போமே, அதையே எடுத்துக்கங்க. இதே மாதிரி இன்னொண்ணை மடிச்சுக் கவுத்தா அதுதான் மூடி, அந்த மூடிக்கு மேல தெரியுற பகுதி தாளோட நட்ட நடுப் பகுதி, அதுவும் 45 டிகிரி திரும்பி வரும். நீங்க தாள் நடுவுல நேரா ஒரு மயிலை வச்சு பிரிண்ட் எடுத்தா மூடி மேல மயில் சாஞ்சு கோணலா நிக்கும், பிரிண்ட் எடுக்கும்போதே படத்தை 45 டிகிரி திருப்பி வச்சிருக்கணும். அளவும் முன்னாடியே தெரியும், 20 சென்டிமீட்டர் சதுரத்துல செஞ்சா பெட்டியோட அடி 7.1 சென்டிமீட்டர் வரும், உயரம் 3.5 வரும், அப்ப மேல தெரியப்போறது அந்த 7 சென்டிமீட்டர் மட்டும்தான், அதுக்குள்ள அடங்கற மாதிரி படம் இருந்தா போதும். கை அகலத்துக்கு பெரிய பூப்போட்ட டிசைனை இதுல போட்டா அரை இதழ்தான் தெரியும். சின்னப் பொருளுக்கு பொடி டிசைன், பெரிய பொருளுக்கு பெரிய டிசைன்.

கவர் செய்யும்போதும் இதே சிக்கல்தான். முன்பக்கம் பூ நேரா நிக்கும், மேல் மடலைப் பின்னாடி மடிச்சதும் அங்க இருக்கிற பூ எல்லாம் தலைகீழாத் தொங்கும். புள்ளி, கட்டம், வட்டம்னு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிற டிசைன் எடுத்தா இந்தத் தொல்லையே இல்ல, பழகுற வரைக்கும் அதையே எடுங்கன்னுதான் சொல்வேன். திசை உள்ள டிசைன்தான் வேணும்னா முதல்ல பழைய தாள்ல ஒரு டம்மி செஞ்சு பாருங்க, செஞ்சு முடிச்சதும் வெளிய தெரியுற ஒவ்வொரு முகத்துலயும் பேனாவால மேல் பக்கம் எதுன்னு அம்புக்குறி போட்டுட்டு அதைப் பிரிச்சுப் பாருங்க. எந்த இடம் எப்படித் திரும்புதுன்னு முழு வரைபடமே கையில கிடைச்சிடும்.

மசு பெட்டிக்கு மூடி போடுறவங்க இன்னொரு தப்பு பண்றாங்க, ரெண்டு சதுரத்தையும் ஒரே அளவுல வெட்டுறது. அப்புறம் மூடியை அமுக்கி அமுக்கி அடிப்பெட்டி கசங்கிப் போகும். அடிப்பெட்டிக்கான சதுரத்தை 5 மில்லிமீட்டர் குறைச்சா பெட்டி சுமார் 1.8 மில்லிமீட்டர் சின்னதாகும், சாதா தாளுக்கு அது சரியா இருக்கும்.

சதுரம் சதுரமாவே இருக்கான்னு பாக்காம மடிக்கிறது ரொம்ப பரவலான தப்பு. ரெண்டு மூலைவிட்டத்துலயும் லேசா மடிச்சுப் பாருங்க, ஓரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும், ஒரு பக்கம் எட்டிப் பாத்தா அப்பவே திருத்திடுங்க. பிரிண்டர் தாளைக் கொஞ்சம் சாய்வா இழுத்திருந்தா டிசைன் தாளோட ஓரத்துக்கு நேரா இருக்காது, அதனால தாள் ஓரத்தை நம்பாம அச்சான கோட்டை வச்சே வெட்டுங்க. அதோட நிறைய பிரிண்டர் ஓரத்துல சில மில்லிமீட்டர் அச்சடிக்காம வெள்ளையா விட்டுடும், ஏ4-ல 21 சென்டிமீட்டர் சதுரம் போட்டா ஓரம் வெட்டுப்பட்டு வரும், 20ன்னு வச்சுக்கிறது நிம்மதி.

தாளோட கனத்துல வர்ற குழப்பம் தனி. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கிற கணக்கு. 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள்ல பெரிய பெட்டி செஞ்சா தொங்கிப் போகும், 200 ஜிஎஸ்எம் அட்டையில பல அடுக்கு மடிப்பு உள்ள ஒரிகாமி (காகித மடிப்புக் கலை) செஞ்சா மடியவே மடியாது, ஒவ்வொரு மடிப்புலயும் அடுக்கு ரெண்டு மடங்காகும்னு யோசிச்சாலே புரியும். நிறைய மடிப்புன்னா 60லேருந்து 80 ஜிஎஸ்எம், வெட்டி ஒட்டுற பெட்டி, அட்டைன்னா 160லேருந்து 200. உங்க பிரிண்டர் எவ்வளவு கனம் தாங்கும்னு அதோட கையேட்டுல பாத்துட்டு வாங்குங்க. லேசர் பிரிண்டர்ல அட்டை போட்டா செட்டிங்ஸ்ல பேப்பர் டைப்பை கனமான தாள்னு மாத்தணும், இல்லன்னா டோனர்ங்கிற மைப்பொடி சரியா ஒட்டாம மடிச்ச இடத்துல பொடிப்பொடியா உதிரும். இங்க்ஜெட்டுக்குன்னு விக்கிற பளபளப்பு போட்டோ பேப்பரை லேசர் பிரிண்டர்ல விடவே விடாதீங்க, உள்ள இருக்கிற சூட்டுல மேல்பூச்சு உருகி பிரிண்டரே பாழாயிடும்.

அட்டையை வெறும் விரலால அமுக்கி மடிக்கிறதுதான் எனக்கு மனசு ஆறாத தப்பு, அவ்வளவு நல்ல பிரிண்டை ஒரே அமுக்குல கெடுத்துடுறாங்க. தாளுக்கு ஒரு நார் ஓட்டம் உண்டு, கிரெயின்னு சொல்வாங்க, அந்த ஓட்டத்தோட மடிச்சா வழவழன்னு மடியும், குறுக்கா மடிச்சா வெடிச்சு பிசிறு தட்டும். தாளை மடிக்காம ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அதுதான் நாரோட போற மடிப்பு. ஏ4 தாள்ல பெரும்பாலும் நார் நீளவாக்குல ஓடும், அப்ப ஏ4-ஐ பாதியா மடிச்சு வாழ்த்து அட்டை செய்யும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கதான் விழுது. அதான் அந்த நடு மடிப்பு எப்பவும் வெடிக்குது. தீர்வு ஸ்கோர் பண்றது, மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவோ, மடிப்பை அழுத்தன்னே இருக்கிற ‘போன் ஃபோல்டர்’ங்கிற மொட்டை முனைப் பட்டையோ எடுத்து ஸ்கேல் வச்சு மடிப்புக் கோட்டுல அழுத்தி ஒரு தடம் போடுங்க, கத்தி முனையால கீறாதீங்க, அது நாரையே அறுத்துடும். கனமான அட்டையில தடம் போட்ட பள்ளம் வெளிப்பக்கமும் பின்னாடி எழும்புற மேடு உள்பக்கமும் வர்ற மாதிரி மடிக்கணும், அப்பதான் மேல் பரப்பு இழுபட்டு கிழியாது. தடம் எல்லாம் போட்டு முடிச்சுட்டு அப்புறமா வெட்டுங்க, முதல்லயே வெட்டிட்டா சின்ன சின்ன ஒட்டு மடல்ல ஸ்கேல் நிக்காம வழுக்கும்.

இவ்வளவு செஞ்சும் அடர் நிற டிசைன்ல மடிப்புல வெள்ளைக் கோடு தெரியலாம், லேசர் பிரிண்ட்ல கூடுதலாவே தெரியும், டோனர் தாளுக்குள்ள ஊறாம மேலேயே படிஞ்சிருக்கிறதால. அதே நிற கலர் பென்சிலை அந்த ஓரத்துல லேசா ஓட்டினா மறைஞ்சிடும். இல்லன்னா மடிப்பு வர்ற இடத்துல வெளிர் நிறம் இருக்கிற டிசைனா பாத்து எடுங்க.

கோடுகளோட அர்த்தம் பாக்காம வெட்டுறதும் நடக்குது. ஜப்பானிய ஒரிகாமி கலைஞர் அகிரா யோஷிசாவா ஆரம்பிச்சு வச்ச ஒரிகாமி குறியீட்டு முறையில விட்டு விட்டு வர்ற கோடு உள்ள மடிக்கிற பள்ள மடிப்பு, கோடும் புள்ளியுமா வர்றது வெளிய மடிக்கிற மேட்டு மடிப்பு. ஆனா பெட்டி டெம்ப்ளேட் போடுறவங்க பல பேர் எல்லா மடிப்புக்கும் ஒரே மாதிரி விட்டு விட்டுக் கோடு போட்டுட்டு முழுக்கோடு வெட்டுறதுக்குன்னு வச்சிருப்பாங்க, அதனால ஃபைல்ல இருக்கிற குறிப்பை முதல்ல படிங்க. வெட்டும்போது உள்ள இருக்கிற ஜன்னல், ஓட்டையை முதல்ல வெட்டிட்டு வெளி ஓரத்தை கடைசியா வெட்டுங்க, தாள் பெருசா இருக்கும்போதுதான் பிடிக்க வசதி. வளைவுல கத்தரிக்கோலைத் திருப்பாம தாளைத் திருப்புங்க. கட்டர் பிளேடு தாளை இழுக்க ஆரம்பிச்சா உடனே மாத்திடுங்க.

ரெண்டு பக்கமும் டிசைன் வேணும்னு டபுள் சைட் பிரிண்ட் எடுக்கிறவங்க முன்னும் பின்னும் துல்லியமா பொருந்தும்னு எதிர்பாக்காதீங்க, வீட்டு பிரிண்டர்ல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் நகரும். ஒரு பக்கம் மட்டும் வெட்டுக்கோடு வச்சுட்டு பின்பக்கம் ஓரத்தைத் தாண்டி நிறைஞ்சிருக்கிற டிசைனா போட்டா நகர்ந்தது தெரியாது.

ஒட்டுறதுல ஒரே ஒரு விஷயம், பசை கம்மியா போதும். வெள்ளைப் பசையில தண்ணி இருக்கு, நிறைய தடவினா மெல்லிசான தாள் சுருங்கும், இங்க்ஜெட் மையும் கலங்கிப் பரவும், அதனால பிரிண்ட் எடுத்த தாளை கொஞ்ச நேரம் தட்டையா காய விட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. மெல்லிசான தாளுக்கு க்ளூ ஸ்டிக் அல்லது டபுள் சைட் டேப், அட்டைக்கு வெள்ளைப் பசையை ஒரு குச்சி முனையால மெலிசா இழுத்து விடுங்க. ஒட்டு மடல்ல டிசைன் அச்சாகாம இருந்தா பிடிப்பு இன்னும் நல்லா இருக்கும். ஒட்டின பெட்டி முழுசா காயுறதுக்கு முன்னாடி மூடியைப் போட்டுடாதீங்க, உள்ள ஈரம் நின்னு சுவர் வெளிப்பக்கமா உப்பிக்கும், திறந்து வச்சே காய விடுங்க.