தலையில அடிபட்டு ஃபிட்ஸ் வந்தவங்களுக்கு வலியும் இருந்தா: நோட்டு போடுறது எப்படி

தலையில பலமா அடிபட்டு ஒரு வாரம் தாண்டின பிறகு வர்ற ஃபிட்ஸ் திரும்பத் திரும்ப வர வாய்ப்பு அதிகம், அதனால தினமும் மாத்திரை போடச் சொல்லிருவாங்க. என் தம்பிக்கும் அப்படித்தான், ஃபிட்ஸ் குறைஞ்சிருச்சு, ஆனா சீப்பு பட்டாலே மண்டை எரியுதுன்னு கத்துவான், நாங்களும் அடிபட்ட எடம் அப்படித்தான் இருக்கும்னு நாலு மாசம் டாக்டர்கிட்ட சொல்லாமலே விட்டுட்டோம். (வலின்னு சொன்னா ஃபிட்ஸான்னு கேக்குறாங்க, அது வேற குழப்பம்.)

மூளையில அடிபட்டா வலிய அடக்கி வைக்கிற அமைப்பும் கெட்டுப்போகலாம், அப்ப சட்டை காலர் உரசினாகூட வலிக்கும். நரம்பு தேவைக்கு மேல துள்ளுறதுதான் ஃபிட்ஸுக்கும் இந்த மாதிரி வலிக்கும் பொதுவான விஷயம், அதனாலதான் சில ஃபிட்ஸ் மாத்திரை வலிக்கும் கேக்குது. கார்பமசெப்பினுக்கு அமெரிக்கால 1968ல அனுமதி கிடைச்சதே முகத்துல ஷாக் அடிக்கிற மாதிரி வர்ற நரம்பு வலிக்குத்தான், ஃபிட்ஸுக்கான அனுமதி அப்புறம்தான் வந்துச்சு. கபாபென்டின், பிரீகாபலின் நரம்பு வலிக்குத் தர்றாங்க, டோபிரமேட், வால்ப்ரோயேட் ரெண்டும் மைக்ரேன் வராம தடுக்க. அதுக்காக நீங்களா மாத்திரைய மாத்தச் சொல்லிக் கேக்காதீங்க, ஏன்னா இதே மருந்துங்க தொந்தரவும் தரும்: டோபிரமேட்ல விரல் நுனி குறுகுறுக்கும், ஃபெனிடாயின் வருஷக்கணக்குல போட்டா கால் நரம்பு மரத்துப்போகலாம், எலும்பும் பலம் குறையலாம், லெவெடிராசிட்டம் சிலருக்கு சிடுசிடுப்பு கொண்டுவரும், அந்த மூட்ல சின்ன வலிகூட பெருசாத் தெரியும்.

எது அடிபட்டதால, எது மாத்திரையாலன்னு பிரிக்கணும்னா வலி, ஃபிட்ஸ், மாத்திரை மூணையும் ஒரே நோட்டுல எழுதுங்க. எங்க நோட்டுல ஒரு வரி இப்படி இருக்கும்:

"செவ்வாய் ராத்திரி 9, இடது நெத்தி, எரிச்சல், 10க்கு 6, தலகாணி பட்டாலே. காலை மாத்திரை 2 மணி நேரம் லேட். போன வாரம் டோஸ் ஏத்துனது."

வலிக்குதுன்னு மட்டும் எழுதுனா ஒண்ணும் பிரயோஜனமில்ல, எரியுதா, குத்துதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா, தொட்டா கூடுதா, ஃபிட்ஸுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதணும். ஃபிட்ஸ் வந்து எந்திரிச்ச பிறகு தோளத் தூக்க முடியலன்னாலோ முதுகு புதுசா வலிச்சாலோ உடனே காட்டுங்க, ஃபிட்ஸ் வேகத்துல தோள்மூட்டு விலகலாம், முதுகெலும்பு நொறுங்கலாம்.

பெயின் கில்லர் விஷயத்துல ரொம்ப கவனம். டிரமடால் ஃபிட்ஸையே கிளப்பி விடும், சில கலவை மாத்திரைல அது பாரசிட்டமாலோட சேர்ந்து இருக்கும், அட்டைல பேரப் படிச்சாத்தான் தெரியும். பாரசிட்டமால் மட்டும்னாலும் மாசத்துல 15 நாள் அதுக்கு மேலன்னு மாசக்கணக்குல போட்டா அதுவே தலைவலியக் கொண்டுவரும். கபாபென்டின், பிரீகாபலின் போடுறவங்க கூட ஓபியாய்டு (டிரமடால், மார்ஃபின் மாதிரி) வலி மருந்தோ தூக்க மாத்திரையோ சேர்த்தா மூச்சு மந்தமாகிடலாம், கிட்னி பிரச்சனை இருந்தா முன்னாடியே சொல்லிருங்க.

வலி வருதேன்னு ஃபிட்ஸ் மாத்திரைய பட்டுனு நிறுத்தவே கூடாது, நிக்காம ஃபிட்ஸ் அடிக்கிற நிலைக்குப் போயிரலாம், 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்தான். காய்ச்சலோட தோல்ல தடிப்பு, வாய்ல கொப்புளம் வந்தா டாக்டருக்கு அப்பவே போன் போடுங்க, கார்பமசெப்பின், ஃபெனிடாயின்ல இது உயிருக்கே ஆபத்தாகலாம். தலைவலி கூடிக்கிட்டே போயி வாந்தி, மயக்கம், ஒரு பக்க கை கால் தளர்ச்சின்னு வந்தா நோட்டெல்லாம் அப்புறம், நேரா எமர்ஜென்சி.

டாக்டரப் பாக்கப் போறப்ப நோட்டோட எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, ஃபிட்ஸ் மாத்திரை மட்டும் போதும்னு நினைக்காதீங்க, எங்க டாக்டர் மொதல்ல கையில எடுத்தது தம்பி நடுவுல நடுவுல போட்டுக்கிட்டிருந்த பெயின் கில்லர் அட்டையத்தான்.