ஜெர்ம் செல் புரோட்டீன் பாக்க மோனோகுளோனல் ஆன்டிபாடி போடறீங்களா, மொதல்ல ஐசோடைப்பப் பாருங்க

மோனோகுளோனல்னா (ஒரே செல்லோட வம்சத்துலேர்ந்து எடுத்த ஆன்டிபாடி, அந்த வம்சம்தான் குளோன்) ஒரே எபிடோப்ப, அதாவது புரோட்டீன்ல ஆன்டிபாடி ஒட்டற ஒரே எடத்த மட்டும் பிடிக்கும், அதனால யோசிக்காம போடலாம்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. நானும் அப்டித்தான் இருந்தேன். சி. எலிகன்ஸ் புழுவோட கோனாட்ல (இனப்பெருக்க உறுப்பு) பி கிரானியூல், அதாவது ஜெர்ம் செல்லுல (முட்டை, விந்தா மாறற செல்) இருக்கற ஆர்என்ஏ-புரோட்டீன் துகள் பாக்கணும்னு கே76ங்கற குளோன எடுத்து மூணு வாரம் ஸ்டெயின் பண்ணேன், மைக்ராஸ்கோப்ல ஒவ்வொரு தடவையும் கும்மிருட்டுதான். ஆன்டிபாடி செத்துப் போச்சுன்னு முடிவே கட்டிட்டேன். கடைசில டேட்டாஷீட்ட ஒழுங்கா படிச்சா அதோட ஐசோடைப், அதாவது ஆன்டிபாடி வகை, மவுஸ் ஐஜிஎம். நான் போட்ட செகண்டரி (மொதல்ல போடற பிரைமரிய பிடிச்சு மினுங்க வைக்கற ரெண்டாவது ஆன்டிபாடி) மவுஸ் ஐஜிஜியோட எஃப்சி பகுதிய (வால் பகுதி) மட்டும் பிடிக்கற வகை. பிடிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. ஐஜிஎம்முக்கான செகண்டரி போட்டேன், மறுநாளே ஒவ்வொரு நியூக்ளியஸ சுத்தியும் புள்ளி புள்ளியா வந்து நின்னுச்சு.

அதனால டியூப தொறக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுதி வச்சுக்கோங்க: எந்த விலங்குல எடுத்தது, ஐசோடைப் என்ன, புரோட்டீனோட எந்தப் பகுதிய பிடிக்குது, எந்த ஃபிக்ஸேஷன்ல (திசுவ அப்டியே நிலைக்க வைக்கற முறை) வேல செஞ்சதுன்னு ஏற்கனவே காட்டிருக்காங்க.

எபிடோப் ஏன் முக்கியம்னா, வாசாவ எடுத்துக்கோங்க (பாலூட்டிகள்ல டிடிஎக்ஸ்4னு பேரு). ஜெர்ம் செல் மார்க்கர்னா மொதல்ல எல்லாரும் சொல்றது இதத்தான். ஆனா அது ஒரு ஆர்என்ஏ ஹெலிகேஸ், அதோட நடுப்பகுதி சொந்தக்கார ஹெலிகேஸ்கள்லயும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும், டிடிஎக்ஸ்3 மாதிரி சிலது சாதாரண உடல் செல்லுலயும் இருக்கு. நடுப்பகுதிய பிடிக்கற குளோன்னா உடல் செல்லும் மினுங்க வாய்ப்பு இருக்கு, முனைப் பகுதிய பிடிக்கற குளோன் கிடைச்சா அது பாதுகாப்பு. இன்னொண்ணு, ஈயோட வாசாவுக்கு எடுத்தது எலியோட வாசாவ பிடிக்கும்னு எந்த கேரண்டியும் இல்ல.

புதுசா பழகறவங்களுக்கு நான் சொல்றது டிரோசோஃபிலா (பழ ஈ) ஓவரிதான். ராட் ஆன்டி வாசாவும் மவுஸ் 1பி1மும் ஜோடியா போடுங்க, ரெண்டுமே அயோவா பல்கலைக்கழகத்துல இருக்கற ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி சுரக்கற செல்) பேங்க்ல கிடைக்கும். ஓவரிய பிபிஎஸ்ல (உப்புக் கரைசல்) எடுத்து, ஊசி முனையால ஓவேரியோல்கள (முட்டை வளர்ற குழாய்கள்) பிரிச்சு விடுங்க, இந்த எடத்துல சோம்பேறித்தனம் பண்ணாதீங்க, மேல இருக்கற தசை உறை கிழியலன்னா ஆன்டிபாடி உள்ளயே போகாது, அப்புறம் நுனி மட்டும் காலியா தெரியும், நீங்க புரோட்டீன் இல்லன்னு நெனச்சுப்பீங்க. 4% பாராஃபார்மால்டிஹைடு 20 நிமிஷம், பிபிஎஸ்ல 0.3% ட்ரைட்டன் போட்டு கழுவல், ஒரு மணி நேரம் பிளாக்கிங், பிரைமரி ராத்திரி முழுக்க 4 டிகிரில, காலைல மூணு நாலு தடவ கழுவி செகண்டரி 2 மணி நேரம், கடைசில டாப்பி (டிஎன்ஏவ காட்டற சாயம்).

சரியா வந்தா ஜெர்மேரியம் (ஓவேரியோலோட முன் முனை) நுனியில ரெண்டு மூணு ஸ்டெம் செல், சைட்டோபிளாசம் முழுக்க வாசா, ஒவ்வொண்ணுக்குள்ளயும் 1பி1 உருண்டையா ஒரு பொட்டு மாதிரி, அதுதான் ஸ்பெக்ட்ரோசோம். கொஞ்சம் தள்ளிப் போனா அதே பொட்டு கிளை விட்டு, செல்கள இணைக்கற ஃப்யூசோமா மாறிருக்கும். 1பி1 பக்கத்துல இருக்கற ஃபாலிக்கிள் செல்லோட ஓரத்தையும் காட்டும், அத பாத்து பயப்படாதீங்க, அது அப்டித்தான். ஆனா ராட்டும் மவுஸும் நெருங்கின சொந்தம், அதனால ரெண்டு செகண்டரியும் ஒண்ணுக்கொண்ணு கிராஸ் அட்ஸார்ப் பண்ணதா (மத்த விலங்கோட ஆன்டிபாடிய பிடிக்கறத நீக்கினது) பாத்து வாங்குங்க, இல்லன்னா ரெண்டு சேனல்லயும் ஒரே படம் வரும், கோ-லோக்கலைசேஷன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க.

மவுஸ் விரைல வேல செய்றவங்களுக்கு வேற தொல்லை. மவுஸ் திசுல மவுஸ் ஆன்டிபாடி போட்டா திசுல ஏற்கனவே இருக்கற ஐஜிஜியையும் செகண்டரி பிடிச்சு இடைவெளி எல்லாம் பளபளன்னு ஆயிடும். டிஆர்ஏ98 ராட்ல எடுத்த குளோன், ஜெர்ம் செல்லோட நியூக்ளியஸ காட்டும், நான் அதத்தான் எடுப்பேன், செகண்டரி மட்டும் மவுஸ் ஐஜிஜிக்கு அட்ஸார்ப் பண்ணதா இருக்கணும். புழுவுல வேலன்னா ஃபிக்ஸ் பண்றதுக்கு முன்னாடி ஃப்ரீஸ்-கிராக் பண்ணி தோல ஒடைக்கணும், பி கிரானியூலுக்கு மைனஸ் 20 டிகிரி மெத்தனால் நல்லா ஒத்து வரும்.

டைல்யூஷன அடுத்தவங்க பேப்பர்லேர்ந்து அப்டியே காப்பி அடிக்காதீங்க. ஹைப்ரிடோமா சூப்பர்நேட்டன்ட்ல (அந்த செல் வளர்ந்த திரவம்) ஆன்டிபாடி பெரும்பாலும் மில்லிக்கு 20லேர்ந்து 50 மைக்ரோகிராம்தான் இருக்கும், ஸ்டெயினிங்குக்கு 2லேர்ந்து 5 மைக்ரோகிராம் வேணும்னா 1:10ல ஆரம்பிக்கணும், 1:500 போட்டா ஒண்ணும் வராது. செறிவாக்கினதா இருந்தா கணக்கே வேற. நான் ஒவ்வொரு புது டியூபுக்கும் 1:5, 1:20, 1:100, 1:500னு ஒரு தடவ ஓட்டிடுவேன், ஒரு நாள் வீணாப் போகும், பரவால்ல.

கன்ட்ரோல்ல ஒரு குழப்பம் அடிக்கடி பாக்கறேன். ஜெர்ம் செல்லே இல்லாத திசுல சிக்னல் இல்லன்னு காட்டிட்டு (ஈல டியூடர் மியூட்டன்ட் தாயோட குஞ்சுங்க இதுக்கு வசதி) ஆன்டிபாடி சரின்னு முடிச்சுடறாங்க. அது சிக்னல் ஜெர்ம் செல்லுல இருந்து வருதுன்னு மட்டும்தான் சொல்லுது, உங்க புரோட்டீன்லேர்ந்து வருதுன்னு சொல்லல, ஜெர்ம் செல்லுல இன்னும் ஆயிரம் புரோட்டீன் இருக்கு. அந்த ஜீனையே எடுத்த மியூட்டன்ட், இல்லன்னா ஜெர்ம்லைன்ல மட்டும் ஆர்என்ஏஐ (ஜீன அமுக்கற முறை), ரெண்டுல ஒண்ணு வேணும். ஆர்என்ஏஐன்னா இன்னும் நல்லது, பக்கத்துலயே மாறாத உடல் செல் இருக்கும், பேக்கிரவுண்ட அதே படத்துல ஒப்பிடலாம்.

வெஸ்டர்ன்ல (புரோட்டீன ஜெல்ல பிரிச்சு ஆன்டிபாடியால பாக்கற முறை) பேண்டே வரலன்னா உடனே கம்ப்ளைண்ட் பண்ணாதீங்க. மடிஞ்ச வடிவத்த மட்டும் பிடிக்கற குளோன் எஸ்டிஎஸ்ல விரிச்சுப் போட்ட புரோட்டீன பிடிக்காது, பிடிக்கறதுக்கு ஒரே எபிடோப்தான், அதுவும் போச்சுன்னா பாலிகுளோனல் மாதிரி காப்பாத்த வேற ஆளில்ல. எச்ஆர்பி (சிக்னல் தர்ற என்சைம்) வச்சு பாக்கறீங்கன்னா அந்த பஃபர்ல சோடியம் அசைடு இல்லாம பாத்துக்கோங்க, அது என்சைம முடக்கிடும்.

டியூப் வந்த அன்னிக்கே சின்ன சின்னதா பிரிச்சு ஃப்ரீஸ் பண்ணிடுங்க, திரும்பத் திரும்ப உருக்கி உறைய வச்சா கெட்டுப் போகும், ஐஜிஎம் இன்னும் சீக்கிரம். மூடில குளோன் பேரு, லாட் நம்பர், உங்களுக்கு வேல செஞ்ச டைல்யூஷன் மூணையும் எழுதுங்க. "ஆன்டி வாசா"ன்னு மட்டும் எழுதின டியூப் எங்க ஃப்ரீசர்ல இன்னும் ஆறு இருக்கு, எது எந்த குளோன்னு யாருக்கும் தெரியாது, தூக்கிப் போடவும் மனசு வரல.