கற்றல் விளைவிலிருந்து அறிவியல் பாடக்குறிப்பு எழுதும் முறை: பயிற்சி ஆசிரியர்களுக்கு

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் நம்மில் பலர், பாடம், செயல்பாடு, துணைக்கருவி, மதிப்பீடு ஆகிய எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான், பாடக்குறிப்பேட்டின் தலைப்பகுதியில் காலியாக விட்டிருந்த 'கற்றல் விளைவு' (குழந்தையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதைச் சொல்லும் வரி) கட்டத்திற்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு வரியைத் தேடி நிரப்புகிறோம். அறிவியல் பாடத்தில் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது, ஒரு பருவம் முழுவதும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பாடம் எடுத்த பிறகு எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதைப் பயிற்சியில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கற்றல் விளைவுகளின் மூல ஆவணத்தை ஒருமுறையாவது முழுமையாகப் படித்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள் 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது வகுப்புவாரியான கற்றல் விளைவுகள் அவற்றில் இடம்பெற்றன; அதே ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு தொடக்கநிலைக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. அதன் வகுப்புவாரிப் பட்டியல்களில் இரண்டு நெடுவரிசைகள் உள்ளன. வலப்பக்கத்தில் விளைவுகளும், இடப்பக்கத்தில் அவற்றை எட்டுவதற்குக் குழந்தைகளுக்குத் தர வேண்டிய கற்றல் வாய்ப்புகளும் இருக்கின்றன. பாடக்குறிப்புக்காகப் புரட்டுபவர்கள் வலப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கற்பிக்க வருபவருக்கு இடப்பக்கமே பெரிய துணை என்பேன்.

இங்கே நமக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அந்த ஆவணத்தில் மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் இணைந்த சூழ்நிலையியல் ஒரே பாடமாக இருக்கிறது. அறிவியல் ஆறாம் வகுப்பில்தான் தனியாகப் பிரிகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் சூழ்நிலையியல். மூன்றாம் வகுப்பிலிருந்தே அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி. ஆகவே, நம் அறிவியல் பாடத்திற்கு உரிய விளைவைச் சூழ்நிலையியல் பட்டியலிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பாடத்தின் தொடக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் கற்றல் நோக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினால் வேலை எளிதாகும். விளைவுகள் வகுப்புக்கு உரியவையே தவிரப் பாடத்திற்கு உரியவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே விளைவு ஆண்டில் மூன்று நான்கு பாடங்களில் திரும்ப வரலாம், வரவும் வேண்டும்.

விளைவைக் கண்டுபிடித்ததும் அதன் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ஐந்தாம் வகுப்புக்கான ஒரு விளைவின் சாரத்தை எடுத்துக்கொள்வோம்: உற்றுநோக்கியவற்றை அட்டவணை, படம் போன்ற வடிவில் முறையாகப் பதிவு செய்தல், மிதத்தல், மூழ்குதல், ஆவியாதல், முளைத்தல் போன்ற நிகழ்வுகளில் உள்ள ஒழுங்கை ஊகித்துக் கூறுதல், அதன்வழிக் காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்துதல். இங்கே பதிவு செய்தல், ஊகித்தல், தொடர்புபடுத்துதல் என்று மூன்று வினைகள் உள்ளன. வரையறை கூறுதல் என்பது எங்குமே இல்லை. 'மிதத்தல் என்றால் என்ன?' என்று கேட்டு, குழந்தைகள் ஒரே குரலில் விடை சொன்னதும் விளைவு எட்டப்பட்டதாக எழுதுவது இதனால்தான் பொருந்தாது. மூன்று வினைகளையும் ஒரே பாடவேளையில் முடிக்கவும் இயலாது. குறைந்தது இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செயல்பாட்டைத் தொடுவதற்கு முன்பே சான்றை முடிவு செய்யுங்கள். பாடவேளை முடியும்போது குழந்தையின் நோட்டில் எது இருந்தால், அல்லது வாயிலிருந்து எது வந்தால், விளைவு எட்டப்பட்டது என்று ஏற்பீர்கள்? மேற்சொன்ன விளைவுக்கு நான் வைத்துக்கொண்ட சான்று, பொருள், ஊகம், கண்டது, காரணம் என்னும் நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. இந்த அட்டவணையை முடிவு செய்துவிட்டால், என்னென்ன பொருள்களை எடுத்துச்செல்ல வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

ஒரு வாளித் தண்ணீர், இரும்பு ஆணி, முழுத் தேங்காய், மரக்கட்டை, எவர்சில்வர் கிண்ணம், கடையில் விற்கும் வண்ணக் களிமண், ஓர் ஆரஞ்சுப் பழம் ஆகியவை போதும். 'கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்' என்றே பெரும்பாலான குழந்தைகள் ஊகிப்பார்கள். அதைத் திருத்தாமல் எழுதவிடுங்கள். சிறிய ஆணி அடியில் போய்க் கிடக்க, பெரிய தேங்காய் மேலே மிதக்கும்போது, அவர்களது விதி அவர்கள் கண்முன்னே ஆட்டம் காணும். பிறகு களிமண்ணை உருண்டையாகப் போட்டு மூழ்கச் செய்து, அதே களிமண்ணைக் கிண்ணம் போல வடித்து மிதக்கவிட்டால், எடை மாறாமலே நடத்தை மாறுவதை அவர்களே சொல்லிவிடுவார்கள். தோலோடு மிதக்கும் ஆரஞ்சு, தோலை உரித்ததும் மூழ்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குள் காற்று இருக்கிறது என்னும் காரணத்தைச் சில குழந்தைகள் நம் உதவியின்றியே எட்டிவிடுகிறார்கள். அடர்த்தி என்னும் சொல் மேல்வகுப்புகளில் வரும். இங்கே அதைத் திணிக்க வேண்டியதில்லை.

இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஊகம் தவறிவிட்டதைப் பார்த்ததும் பல குழந்தைகள் ரப்பரைத் தேடி, 'மூழ்கும்' என்பதை அழித்து 'மிதக்கும்' என்று எழுதிவிடுவார்கள். சரியான விடைக்கு மட்டுமே மதிப்பு கிடைத்துப் பழகிய பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் தேடும் சான்று அந்த அழிக்கப்பட்ட சொல்லில்தான் இருக்கிறது. எனவே ஊகக் கட்டத்தைப் பேனாவால் நிரப்பச் சொல்லுங்கள். தவறிய ஊகத்திற்கும், அதற்கு அவர்கள் தேடிய காரணத்திற்கும் வகுப்பறிய மதிப்புக் கொடுங்கள்.

கீழ்வகுப்புகளுக்கும் இதே முறைதான். மூன்றாம் வகுப்பில், சுற்றுப்புறத் தாவரங்களின் இலை, தண்டு, பட்டை ஆகியவற்றின் வடிவம், நிறம், தொடு உணர்வு, மணம் முதலியவற்றை அடையாளம் காணுதல் என்பது ஒரு விளைவு. இதற்குத் தெர்மாகோலில் செய்த மரம் எதற்கு? பள்ளி வளாகத்து வேம்பின் பட்டையைத் தடவிப் பார்ப்பதும், கறிவேப்பிலையைக் கசக்கி முகர்வதுமே அந்த விளைவு கேட்கும் வேலை. பார்வைக் குறைபாடுள்ள குழந்தை வகுப்பில் இருந்தால், வரைபடத்தை விட இந்த வழியில்தான் அவரும் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்பார்.

ஈராசிரியர் பள்ளியில் நான்கும் ஐந்தும் ஒன்றாக அமர்ந்திருந்தால் ஒரே செயல்பாட்டை இருவருக்கும் வைத்து, சான்றை மட்டும் வேறுபடுத்தலாம்: நான்காம் வகுப்பினர் ஊகித்துச் சரிபார்த்தால் போதும், ஐந்தாம் வகுப்பினர் காரணக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும்.

மதிப்பீட்டுக்குத் தனியாக எதையும் தயாரிக்க வேண்டிய தேவையும் குறைகிறது. கற்பிக்கும் போக்கிலேயே செய்யப்படும், 40 மதிப்பெண்ணுக்கான வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுப் பகுதிக்கு அந்த அட்டவணையே ஆவணமாகிவிடும். அன்று மாலையே யார் காரணம் எழுதினார்கள், யார் கண்டதோடு நின்றார்கள் என்று பெயர் குறித்து வையுங்கள். மறுநாள் பாடவேளையை யாரிடமிருந்து தொடங்குவது என்பதை அந்தக் குறிப்பு சொல்லும்.

பாடக்குறிப்பு முடிந்ததும், கற்றல் விளைவு எழுதிய கட்டத்தை ஒரு தாளால் மூடிவிட்டு வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்து, செயல்பாட்டையும் மதிப்பீட்டு வினாக்களையும் மட்டும் படித்து அந்த விளைவு எதுவாக இருக்கும் என்று சொல்லக் கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் செயல்பாட்டை உடனே மாற்றிவிட வேண்டாம். முதலில் மதிப்பீட்டு வினாக்களைத் திருத்திப் பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.