கம்ப்யூட்டரும் போனும் ஒரே மைன்கிராஃப்ட் உலகில் சேர: வீட்டு சர்வர் அமைக்கும் முறை

சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு. கன்னங்குறிச்சியில் இருக்கும் சித்தி மகனிடம் ஆண்ட்ராய்டு போன் மட்டும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு ஐபேட். குகையில் ஒரு பிளேஸ்டேஷன். நான்கு பேரும் ஒரே உலகில் வீடு கட்ட முடியும். ஆனால் சர்வரை வெறுமனே ஓட விட்டால் மற்ற மூன்று பேருக்கும் அது கண்ணிலேயே படாது.

காரணம், மைன்கிராஃப்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு கேம்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பு டிசிபி என்ற தகவல் அனுப்பும் முறையில் 25565 என்ற போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், பேசும். போன், டேப், கன்சோல் எல்லாவற்றிலும் இருப்பது பெட்ராக் பதிப்பு. அது யுடிபி என்ற வேறொரு முறையில் 19132-ல் பேசும். பாஷையும் வேறு, வாசலும் வேறு. ஆகவே உங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் வைக்கப் போகிறீர்கள். ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதால் இன்னொன்றும் திறந்திருக்கும் என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி வரை ஒவ்வொரு வாசலையும் தனித்தனியாகவே சோதியுங்கள்.

கீழே வரும் ஃபைல் பெயர்களும் செட்டிங் பெயர்களும் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். உச்சரிப்பை வைத்து எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

சர்வரை நிறுவுதல்

சர்வர் மென்பொருளுக்கு பேப்பர் நல்ல தேர்வு. பிளகின் எனும் கூடுதல் வசதிகளைப் போடலாம், சாதாரண சர்வரைவிட வேகமாகவும் ஓடும். 1.20.5 முதல் 1.21 வரிசை வரையிலான பதிப்புகளுக்கு கம்ப்யூட்டரில் ஜாவா 21 என்ற மென்பொருள் (கேமின் ஜாவா பதிப்பு அல்ல) வேண்டும். பழைய ஜாவா இருந்தால் சர்வர் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். முதல் தடவை ஓட்டியதும் யூலா என்ற உரிம ஒப்பந்த டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கிவிட்டு அதுவாகவே நின்றுபோகும். அதில் ஃபால்ஸ் என்று இருப்பதை ட்ரூ என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

ஐந்தாறு பேருக்கு 4 ஜிபி ரேம் போதும். மொத்தமே 8 ஜிபி உள்ள கம்ப்யூட்டர் என்றால் அதிலேயே கேமும் விளையாடிக்கொண்டு சர்வரையும் ஓட்டுவது சிரமம். சர்வர்.ப்ராப்பர்டீஸ் ஃபைலில் வியூ-டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் தெரியும் என்பது) 10 என்று இருக்கும், 7-க்கு இறக்குங்கள். சிமுலேஷன்-டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் உலகம் இயங்கும்) என்பதை 5 அல்லது 6 ஆக வையுங்கள். போனில் விளையாடுபவருக்கு இந்தக் குறைப்பால் பெரிய வித்தியாசம் தெரியாது; சர்வருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

அடுத்து இரண்டு பிளகின்கள்: கெய்சர், ஃப்ளட்கேட். பெட்ராக் பேசுவதை ஜாவாவுக்கும் ஜாவா பேசுவதை பெட்ராக்குக்கும் மொழிபெயர்ப்பது கெய்சர். ஜாவா பதிப்பைக் காசு கொடுத்து வாங்காத போன்காரரையும் அவருடைய எக்ஸ்பாக்ஸ் கணக்கை வைத்து அடையாளம் பார்த்து உள்ளே விடுவது ஃப்ளட்கேட். இரண்டையும் கெய்சர் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், ஸ்பிகாட்/பேப்பருக்கான ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டு சர்வரை நிறுத்தித் தொடங்கினால் கெய்சருக்கென ஒரு கான்ஃபிக் ஃபைல் உருவாகும்.

அந்தக் கான்ஃபிக்கில் தொட வேண்டியது கொஞ்சம்தான். பெட்ராக் பகுதியில் முகவரி 0.0.0.0, போர்ட் 19132 என்று இருக்கிறதா பாருங்கள். ஆத்-டைப் என்ற வரியில் ஃப்ளட்கேட் என்று இருக்க வேண்டும். அது ஆன்லைன் என்று இருந்தால், போன்காரரிடம் ஜாவா கணக்கைக் கேட்டு நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன்காரர் உள்ளே வர வேண்டும் என்பதற்காக சர்வர்.ப்ராப்பர்டீஸில் ஆன்லைன்-மோட் என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். செய்யாதீர்கள். அதை அணைத்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரையே போட்டுக்கொண்டு உங்கள் அதிகாரத்தோடு உள்ளே வரலாம். மாதக்கணக்கில் கட்டியதை ஒரே இரவில் தரைமட்டமாக்கலாம். ஃப்ளட்கேட் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. ஃப்ளட்கேட் ஃபோல்டரில் இருக்கும் கீ.பெம் என்ற ஃபைலையும் யாருக்கும் அனுப்பக் கூடாது. அது உங்கள் வீட்டுச் சாவி.

பெட்ராக்காரர் உள்ளே வந்தும் சாட் அனுப்ப முடியவில்லை, ப்ரொஃபைல் பப்ளிக் கீ இல்லை என்று வருகிறது என்றால், சர்வர்.ப்ராப்பர்டீஸில் என்ஃபோர்ஸ்-செக்யூர்-ப்ரொஃபைல் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஆன்லைன்-மோடை அணைப்பது போன்ற ஆபத்து இதில் கிடையாது.

வீட்டுக்குள் முதலில்

வெளியே போகும் முன் வீட்டு வைஃபையிலேயே இரண்டு வாசலும் திறக்கிறதா பாருங்கள். சர்வர் கம்ப்யூட்டரின் உள் முகவரி 192.168.1.20 போல இருக்கும். ஜாவாவில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேருங்கள். பிறகு அதே வைஃபையில் உள்ள போனில், சர்வர்ஸ் பக்கத்தில் அதே முகவரியோடு 19132 போர்ட்டைச் சேர்த்துத் தட்டுங்கள்.

ஜாவா சேர்கிறது, போன் சேரவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்தான். ஜாவாவை முதல் தடவை ஓட்டியபோது வந்த அனுமதிப் பெட்டியில் பிரைவேட் நெட்வொர்க் என்று மட்டும் டிக் போட்டிருப்பீர்கள்; உங்கள் வைஃபையோ பப்ளிக் என்று பதிவாகியிருக்கும். ஃபயர்வாலின் இன்பவுண்ட் (உள்ளே வருவதற்கான) விதியில் டிசிபி 25565-க்கு ஒன்று, யுடிபி 19132-க்கு ஒன்று எனத் தனித்தனியாகச் சேர்த்துவிடுங்கள். விருந்தினர் வைஃபையில் இருக்கும் போன் சர்வரைப் பார்க்காது, அதையும் கவனியுங்கள்.

பிழைச் செய்தி நிறைய சொல்லும். ஜாவாவில் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்று வந்தால், கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை: சர்வர் ஓடவில்லை அல்லது போர்ட் தப்பு. டைம்டு அவுட் என்று வந்தால் பாதி வழியில் எங்கோ தடுக்கப்படுகிறது: ஃபயர்வால் அல்லது ரூட்டர். பெட்ராக்கில் இந்த வசதி இல்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரிச் செய்திதான் வரும். அதனால்தான் பெட்ராக்கை உள்ளிருந்து வெளியே என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

ரூட்டரும் கேபிள்காரரின் பெட்டியும்

முதலில் ரூட்டரின் டிஎச்சிபி (உள் முகவரி ஒதுக்கும்) பகுதியில் சர்வர் கம்ப்யூட்டருக்கு ஒரு நிரந்தர உள் முகவரியை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் முகவரி 20-லிருந்து 23 ஆக மாறி, வெளியிலிருந்து வருபவரைச் சர்வருக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் வேறு யாருடைய போனையோ காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் போர்ட் ஃபார்வர்டிங்கில் இரண்டு வரிகள்: டிசிபி 25565, யுடிபி 19132, இரண்டும் அதே உள் முகவரிக்கு.

சேலத்தில் பல வீடுகளில் சுவரில் ஃபைபர் பெட்டி ஒன்று, அதிலிருந்து வயர் இழுத்து நீங்கள் வாங்கிய ரூட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும். ஃபைபர் பெட்டியும் ரூட்டராக வேலை செய்தால் நீங்கள் ஒன்றில் மட்டும் போர்ட் திறந்து பயனில்லை. பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலையை விட்டு வெறுமனே கடத்தும் நிலையில்) போடச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ரூட்டரை வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் ஆக்குங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: உங்களுக்கென்று தனி வெளி முகவரி இருக்கிறதா? ரூட்டரின் வேன் முகவரியை (இணையப் பக்கத்து முகவரி) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் உங்கள் ஐபி என்ன என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் நல்லது. வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டின் பின்னால் இருக்கிறீர்கள்: ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 10-ல் தொடங்கி, மேலே சொன்ன இரட்டை ரூட்டர் சிக்கலும் இல்லை என்றாலும் அதே கதைதான். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவர் உங்கள் வாசலுக்கு வரவே மாட்டார். மணிக்கணக்கில் ரூட்டர் பக்கத்தை நோண்டுவதற்கு முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள். சேர வருபவர் சிஜிநாட்டில் இருந்தால் பரவாயில்லை. சர்வர் இருக்கும் வீட்டுக்குத்தான் இது தொல்லை.

சிஜிநாட் என்றால் மூன்று வழிகள். இணைய நிறுவனத்திடம் ஸ்டேடிக் ஐபி (மாறாத தனி வெளி முகவரி) கேட்பது முதல் வழி. மாதக் கட்டணம் கூடும், ஆனால் மற்ற எல்லாம் எளிதாகும். இரண்டாவது பிளேஇட் போன்ற டனல் சேவை, அதாவது வெளியிலிருந்து வருபவரைத் தன் வழியாக உங்கள் சர்வருக்குக் கொண்டுவரும் சேவை. அதில் ஜாவாவுக்கு ஒரு டனல், பெட்ராக்குக்கு ஒரு டனல் என இரண்டு போட வேண்டும். டனல் கொடுக்கும் வெளி போர்ட் எண் பெரும்பாலும் 19132 ஆக இருக்காது. போன்காரருக்கு அந்த எண்ணைத் தவறாமல் சொல்லுங்கள். மூன்றாவது, மும்பை அல்லது பெங்களூரில் ஒரு விபிஎஸ் (இணையத்தில் உள்ள வாடகைக் கம்ப்யூட்டர்) எடுப்பது. பெங்களூரு சேலத்திலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் என்றாலும் நெட் அந்த வழியிலேயே போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே பணம் கட்டும் முன் இரண்டு ஊர்களுக்கும் பிங் போட்டு, தகவல் போய் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். விபிஎஸ்ஸில் நிறுவனத்தின் ஃபயர்வால் ஒன்று, லினக்ஸின் ஃபயர்வால் ஒன்று என இரண்டு காவல். இரண்டிலும் யுடிபியைத் திறக்க மறப்பது வழக்கமான தவறு.

ஒரே ஒரு போர்ட் மட்டும் கொடுக்கும் கேம் ஹோஸ்டிங் வாங்கியிருந்தால் கவலை வேண்டாம். டிசிபியும் யுடிபியும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் மோதாது. கெய்சர் கான்ஃபிக்கில் க்ளோன்-ரிமோட்-போர்ட் என்பதை ட்ரூ ஆக்கினால் பெட்ராக்கும் ஜாவாவின் எண்ணிலேயே கேட்கும்.

வெளியிலிருந்து சோதனை

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைப் போட்டுப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பல ரூட்டர்கள் தன் வெளி முகவரிக்குத் தானே திரும்பி வருவதை அனுமதிப்பதில்லை. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். சர்வர் கன்சோலில் (கட்டளை தட்டும் திரையில்) கெய்சர் கனெக்‌ஷன்டெஸ்ட் என்ற கட்டளையோடு உங்கள் வெளி முகவரியையும் போர்ட்டையும் கொடுத்தால், யுடிபி வாசல் வெளியிலிருந்து திறந்திருக்கிறதா என்று கெய்சரே சொல்லும்.

ஏற்காடு மலையில் இருப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் வரலாம். மழையில் கிளை முறிந்து ஃபைபர் அறுந்தால் அவர் மொபைல் டேட்டாவுக்கு மாறுவார். சர்வர் பட்டியலில் ஆள் எண்ணிக்கை தெரிகிறது, ஆனால் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் தகவல் துண்டு) அளவைச் சந்தேகப்படுங்கள். சிறிய விசாரிப்பு போய் வருகிறது, பெரிய பாக்கெட் நடுவழியில் விழுகிறது. கெய்சர் கான்ஃபிக்கில் எம்டியூ (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400 என்று இருப்பதை 1200 ஆக்கிப் பாருங்கள். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக வருபவர்களுக்கும் இதுவே மருந்து.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச்

கன்சோலில் சர்வர் முகவரியைத் தட்டச்சு செய்யும் இடமே கிடையாது. சர்வர் இருக்கும் அதே வீட்டில் கன்சோல் இருந்து, போர்ட்டும் 19132 ஆகவே இருந்தால், உள்ளூர் கேமாகத் தானே தெரியும். வேறு வீட்டில் என்றால் பெட்ராக்கனெக்ட் என்ற வழி உண்டு: கன்சோலின் டிஎன்எஸ்ஸை (சர்வர் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) மாற்றினால், பட்டியலில் உள்ள பெரிய சர்வர் ஒன்றைத் தட்டும்போது உங்கள் முகவரியைக் கேட்கும் திரை வரும். டிஎன்எஸ்ஸைக் கன்சோலில் மட்டும் மாற்றுங்கள், ரூட்டரில் மாற்றி வீடு முழுவதையும் அந்நியர் ஒருவரின் டிஎன்எஸ்ஸில் விடாதீர்கள். எம்சிஎக்ஸ்பாக்ஸ்பிராட்காஸ்ட் என்ற கெய்சர் எக்ஸ்டென்ஷன் இதைவிடச் சுத்தமானது: ஒரு எக்ஸ்பாக்ஸ் கணக்கை நண்பராகச் சேர்த்தால் உங்கள் உலகம் நண்பர்கள் பட்டியலில் தெரியும். அதற்கு உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காமல், இதற்கென்றே புதிதாக ஒன்று திறங்கள்.

சேர்ந்த பிறகு

பெட்ராக்காரர் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி நிற்கும். ஜாவாவில் அதே பெயரில் இருப்பவரோடு குழம்பாமல் இருக்க ஃப்ளட்கேட் வைக்கும் அடையாளம் அது, எடுக்காதீர்கள். வைட்லிஸ்ட்டில் (அனுமதி பெற்றவர் பட்டியலில்) அவர்களைச் சேர்க்க எஃப்வைட்லிஸ்ட் என்ற தனிக் கட்டளை, அதில் புள்ளி இல்லாமல் எக்ஸ்பாக்ஸ் பெயரைக் கொடுக்க வேண்டும். வைட்லிஸ்ட் இல்லாமல் வெளி உலகுக்குச் சர்வரைத் திறப்பதைத் தவிருங்கள்.

ரெட்ஸ்டோன் (கேமுக்குள் இருக்கும் மின்சுற்று) ஜாவா விதிப்படிதான் ஓடும். போனில் பழகியவர் தனக்குத் தெரிந்த பிஸ்டன் கதவு வேலை செய்யவில்லை என்றால் அது பழுது அல்ல. ஜாவாவின் ரிசோர்ஸ் பேக் (தோற்றத்தை மாற்றும் தொகுப்பு) போனுக்குப் போகாது. பெட்ராக்குக்கான பேக்கைத் தனியாகக் கெய்சரின் பேக்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும்.

போனில் கேம் தானாகவே அப்டேட் ஆகிவிடும். நேற்றுவரை சேர்ந்தவர்கள் இன்று காலை ஒட்டுமொத்தமாகச் சேர முடியவில்லை என்றால் ரூட்டரைத் தொடாதீர்கள், கெய்சரைப் புதுப்பியுங்கள். சர்வர் பழைய ஜாவா பதிப்பிலேயே இருக்க வேண்டும் என்றால் வயாவெர்ஷன் பிளகினையும் சேருங்கள், ஏனென்றால் கெய்சர் புதிய ஜாவா பதிப்பைப் போலத்தான் சர்வரோடு பேசும்.

கோடை இடிமழையில் கரண்ட் சட்டென்று போகும் ஊர் இது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்தால் உலகத்தின் ஒரு பகுதி கெட்டுப்போகலாம். கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் யுபிஎஸ் கொடுங்கள். பேக்கப் எடுக்கும்போது சர்வர் கன்சோலில் சேவ்-ஆஃப், பிறகு சேவ்-ஆல், காப்பி முடிந்ததும் சேவ்-ஆன். சேவ்-ஆன் போட மறந்தால் அதற்குப் பிறகு கட்டிய எதுவும் டிஸ்க்கில் தானாகப் பதியாது. காப்பியை வேறு டிஸ்க்கில் வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறையாவது அதை வேறு ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்து உலகம் திறக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.