அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் பழங்காசு ஆராய்வது எப்படி: நான் குறிக்கத் தவறிய ஓர் எண்

1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த ரோமானியப் புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. அக்காசுகளுள் சிலவற்றை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்துத் திரும்பிய பிறகுதான், என் குறிப்பேட்டில் அச்சுத் திசை (முன்புற உருவத்தோடு ஒப்பிட்டால் பின்புற உருவம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது என்பது) என்ற கட்டம் முழுவதும் காலியாக இருப்பதைக் கண்டேன்.

முதலில், முன் அனுமதி பெறுங்கள். கடிதத்தில் ‘ரோமானியக் காசுகள்’ என்று பொதுவாக எழுதாமல், இணையப் பட்டியலில் உள்ள பதிவெண்களைக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது எடை. நீரோ கி.பி. 64-இல், ஒரு பவுண்டுத் தங்கத்துக்கு 40 காசு என்றிருந்ததை 45 ஆக்கினார். இதனால் ஏற்படும் வேறுபாடு ஒரு கிராமுக்கும் குறைவுதான் என்பதால், 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுப்பதே பயன் தரும். விட்டத்தை அளக்க, காசைக் கீறாத பிளாஸ்டிக் அளவுகோலையே நான் விரும்புகிறேன்.

இனி என்னைச் சறுக்கவைத்த படி. அரசர் தலை நேராக நிற்கும்படி காசின் மேல் விளிம்பை ஆள்காட்டி விரலாலும் கீழ் விளிம்பைக் கட்டைவிரலாலும் மெத்தைத் தட்டுக்கு மேலே பிடித்து, புத்தகத்தின் தாளைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்புற உருவம் நேராக நின்றால் 12, தலைகீழாக நின்றால் 6, இடையில் சாய்ந்திருந்தால் கடிகார முள்ளைப் போல மணி எண்ணைக் குறியுங்கள். தோசையைப் புரட்டுவதுபோல் மேல்கீழாகப் புரட்டினால் 12 என்பது 6 ஆகிவிடும். உளிவெட்டு முகத்தைச் சிதைத்திருந்தால், கழுத்தின் வெட்டுக்கோட்டை (உருவம் கழுத்தோடு முடியும் கோடு) வைத்து நிமிர்வைக் கண்டுகொள்ளலாம். காசடித்த இரு அச்சுகளும் இணைத்துப் பொருத்தப்பட்டிருந்தனவா, தனித்தனியே கையாளப்பட்டனவா என்பதை ஊகிக்க இந்த எண்ணே உதவும். நானோ இரு பக்கங்களையும் தனித்தனியே படமெடுத்து, கணினியில் இரண்டையும் நிமிர்த்தி அழகுபடுத்திவிட்டேன். ஆகவே படத்திலிருந்தும் அதை மீட்க முடியவில்லை. மறுபடி அனுமதி கேட்டுப் போகவேண்டியதாயிற்று.

படத்துக்கு இடது மேற்புறத்திலிருந்து வரும் ஒரே விளக்கு போதும். வளைய விளக்கு எழுத்துகளின் நிழலையே அழித்துவிடுகிறது. படங்களுக்கு உடனே இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். 1674-இல் பயணம் புறப்பட்ட பிரெஞ்சு நாணய அறிஞர் ழான் ஃபுவா வையான் கடற்கொள்ளையரிடம் சிக்கி மீண்டு திரும்புகையில், மற்றொரு கொள்ளைக் கப்பல் நெருங்குவதைக் கண்டு தம்மிடமிருந்த பொற்காசுகளை விழுங்கியே காப்பாற்றினார்; நகல் இருந்தால் உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் பதிவெண் என்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய எண்ணுக்குக் காசு கிடைக்கவில்லை, அவர் எழுதியது ஒரே வகைக் காசுகள் அனைத்துக்கும் பொதுவான நூற்பட்டியல் எண். பதிவெண் ஒரு காசுக்கு மட்டுமே உரியது. அச்சுத் திசை இணையப் பட்டியலிலேயே பல காசுகளுக்கு உள்ளதே என்றார் இன்னொருவர். உண்மைதான், ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 12 என்றும் உங்கள் குறிப்பில் 6 என்றும் இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீங்கள் காசைத் திருப்பிய விதத்தைத்தான்.