அம்பருக்குள்ள இருக்கற பூச்சியோட உடம்பை வீட்லயே பாத்துப் படிக்கறது எப்படி?

அம்பர் கல்லு இல்ல. மரத்துலேருந்து வழிஞ்ச பிசின் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து இறுகிப்போனது. சாம்பிராணியோட சேத்துப் போடற குங்கிலியம் இருக்குல்ல, அதுவும் மரப்பிசின்தான். குஜராத்ல வஸ்தான் பழுப்பு நிலக்கரி சுரங்கத்துல கிடைக்கற அம்பர் அந்தக் குங்கிலிய மரக் குடும்பத்துலேருந்தே வந்தது, வயசு 5 கோடி வருஷத்துக்கு மேல. இந்தப் பிசின்ல மாட்டுன பூச்சிங்களோட கண்ணு, கால் முள்ளு, ரெக்கை நரம்பு வரைக்கும் அப்படியே இருக்கு. அதைப் பாக்க பெரிய லேப் வேணாம், ரெண்டு கண்ணாலயும் பாக்கற ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் பொறுமையும் போதும்.

ஸ்டெப் 1: எதை வாங்கறது

ஆரம்பிக்கறவங்க பால்டிக் அம்பர் வாங்குங்க. போலந்து, லித்துவேனியா பக்கம் கிடைக்கறது, கிட்டத்தட்ட 4 கோடி வருஷம் பழசு, சின்ன ஈ, கொசு மாதிரி பூச்சி இருக்கற துண்டு கைக்கு அடங்குற விலையில கிடைக்கும். பர்மா அம்பர் 9.9 கோடி வருஷம், டைனோசர் காலம், ஆசையாதான் இருக்கும். ஆனா அது வர்ற மியான்மரோட கச்சின் பகுதியில சண்டை நடக்குது, 2017ல சுரங்கங்களை ராணுவம் பிடிச்சுது, அதனால நான் வாங்கறதில்ல, நீங்களும் வாங்காதீங்கன்னுதான் சொல்வேன்.

ஸ்டெப் 2: ஒரிஜினலான்னு பாக்கறது

ஒரு டம்ளர் தண்ணில உப்பு இனிமே கரையாதுங்கற வரைக்கும் போட்டு கலக்கி, துண்டை உள்ள விடுங்க. அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பல பிளாஸ்டிக்கும் முங்கிடும். ஆனா கோப்பல்னு ஒண்ணு இருக்கு, அதுவும் மரப்பிசின்தான், வயசு ரொம்ப கம்மி, அதுவும் மிதக்கும். அதுக்கு அசிட்டோன் ஒரு சொட்டு, பூச்சி இல்லாத ஓரமா விட்டு சில செகண்ட் கழிச்சு விரலால தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா கோப்பல். நான் முதல்ல ஆன்லைன்ல வாங்குன துண்டு இப்படித்தான் விரல்ல ஒட்டுச்சு, அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு.

ஸ்டெப் 3: ஜன்னல் போடறது

இதுதான் முக்கியமான வேலை, முக்கால்வாசி பேர் அவசரப்படறதும் இங்கதான். துண்டு உருண்டையா இருந்தா வெளிச்சம் வளைஞ்சு, நேரா இருக்கற கால் கூட முறிஞ்ச மாதிரி தெரியும். அதனால பூச்சிக்கு நேர் மேல ஒரு தட்டையான முகம் வேணும், அதைத்தான் ஜன்னல்னு சொல்றேன். முடிஞ்சா பக்கவாட்டுல ஒண்ணு, முதுகுப்பக்கம் ஒண்ணு.

பெயிண்ட் கடையில கிடைக்கற வாட்டர் பேப்பர் 600, 1000, 1500, 2000 வாங்கிக்கோங்க. கண்ணாடி மேல பேப்பரை வச்சு, தண்ணி ஊத்தி, துண்டை மெதுவா தேயுங்க. தண்ணி இல்லாம தேச்சா சூடாகும், தூளும் மூக்குல போகும். ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் தேய்க்கற திசையை குறுக்கால மாத்துங்க, அப்பதான் பழைய கீறல் போச்சான்னு தெரியும், போகலன்னா அடுத்த நம்பருக்குப் போகாதீங்க. கடைசியா பழைய ஜீன்ஸ் துணியில கொஞ்சம் டூத்பேஸ்ட் வச்சு பாலிஷ்.

பத்து தேய்ப்புக்கு ஒரு தடவை கழுவி லென்ஸ்ல பாருங்க. பூச்சிக்கு மேல ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடுங்க. நான் ஒரு தடவை இன்னும் கொஞ்சம் கிட்ட போகலாம்னு தேச்சதுல உணர்கொம்போட நுனி போயிருச்சு, 4 கோடி வருஷம் இருந்தது என் கையில ரெண்டு நிமிஷத்துல போச்சு, இப்பவும் அந்தத் துண்டை எடுத்தா கண்ணு அந்த இடத்துக்குத்தான் போகும்.

ஸ்டெப் 4: கிளிசரினும் வெளிச்சமும்

மெடிக்கல்ல கிளிசரின் வாங்கி ஜன்னல் மேல ஒரு சொட்டு விட்டு, மேல கவர்ஸ்லிப் கண்ணாடி வைங்க. மிச்சம் இருந்த பொடிக் கீறலெல்லாம் அப்படியே மறைஞ்சிரும். காரணம் சிம்பிள்: வெளிச்சத்தை வளைக்கற குணம் அம்பருக்கு 1.54, கிளிசரினுக்கு 1.47, காத்துக்கு 1, அம்பரும் கிளிசரினும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதால வெளிச்சம் கீறல்ல சிதறாம உள்ள போகுது. பாத்து முடிச்சதும் சோப்புத் தண்ணில கழுவிடுங்க, ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க. லைட் மேலேருந்து வேணாம், ரெண்டு பக்கமும் சாய்ச்சு ரெண்டு எல்இடி, அடியில ஒரு தடவை வெள்ளை பேப்பர், ஒரு தடவை கறுப்பு பேப்பர். டேபிள் மேல ஒரு டவலை விரிச்சுக்கோங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

ஸ்டெப் 5: உடம்பைப் படிக்கறது

பேர் தேடாதீங்க. முதல்ல பென்சில்ல வரையுங்க. எத்தனை கால், எட்டுன்னா சிலந்தி வகை, ஆறுன்னா பூச்சி. எத்தனை ரெக்கை. ஒரே ஜோடி ரெக்கை, அதுக்குப் பின்னாடி குண்டூசி தலை மாதிரி ரெண்டு குமிழ் இருந்தா அது ஈ, கொசு கூட்டம், பால்டிக்ல உங்களுக்கு பெரும்பாலும் இதான் மாட்டும்.

என்கிட்ட இருக்கற ஒண்ணைச் சொல்றேன், பூஞ்சை ஈ வகை, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். 40 மடங்குல தலையைப் பாத்தா, கண்ணு ரெண்டும் தனித்தனியா நிக்காம உணர்கொம்புக்கு மேல ஒல்லியா ஒரு பாலம் மாதிரி நீண்டு ஒண்ணை ஒண்ணு தொடுது, அந்தப் பாலத்துல கூட கண்ணோட புள்ளிங்க வரிசையா இருக்கு. உணர்கொம்புல கணுவை எண்ணுனா 16. கால் உடம்போட சேர்ற முதல் கட்டை நல்லா நீளம், முழங்காலுக்குக் கீழ இருக்கற பகுதியோட நுனியில முள்ளு, பாதம் 5 கணு. ரெக்கையில நடு நரம்பு ரெண்டா பிரிஞ்சு கவட்டை மாதிரி போகுது. இதையெல்லாம் வரைஞ்ச அப்புறம்தான் சியாரிடேங்கற குடும்பம்னு முடிவு பண்ணேன், இன்னைக்கும் பூந்தொட்டி மண்ணுல பறக்குதே குட்டியா கறுப்பா, அதே குடும்பம்.

இப்படி ஒவ்வொரு உறுப்பா பாக்கறதுக்கு எவ்வளவு மதிப்புன்னு ஒரு எறும்பு காட்டுச்சு. 1966ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி கிளிஃப்வுட் கடற்கரையில ஒரு தம்பதி எடுத்த அம்பர்ல ரெண்டு எறும்பு, வயசு சுமார் 9 கோடி வருஷம். வில்சன், கார்பெண்டர், பிரவுன்னு மூணு பூச்சி ஆராய்ச்சியாளர்கள் 1967ல அதுக்கு ஸ்ஃபெகோமிர்மான்னு பேர் வச்சாங்க. தாடை குளவி மாதிரி குட்டையா ரெண்டே பல்லோட, ஆனா இடுப்பு எறும்பு இடுப்பு, மார்புக்குப் பின்னாடி எறும்புக்கு மட்டுமே உள்ள சுரப்பியும் இருந்துச்சு. குளவியிலேருந்து எறும்பு வந்ததுக்கு அப்படி ஒரு சாட்சி. அந்தத் துண்டு வில்சன் கையிலேருந்து நழுவி தரையில விழுந்து ரெண்டா உடைஞ்சுது, நல்லவேளை துண்டுக்கு ஒரு எறும்பா ரெண்டுலயும் முழுசா இருந்துச்சு. டவல் சொன்னது இதுக்குத்தான்.

ஸ்டெப் 6: ஏமாத்தற விஷயங்கள்

பால்டிக் அம்பர்ல பூச்சியோட ஒரு பக்கம் பால் மாதிரி வெள்ளையா ஒரு படலம் இருக்கும், அதை ரோமம்னு எழுதிடாதீங்க, உடம்பு அழுகும்போது வெளிய வந்த ஈரமும் காத்தும் பண்ண வேலை அது. வயிறு ஊதியோ சுருங்கியோ இருக்கலாம், அதனால அளவெடுக்க தலையும் ரெக்கையும் நம்பகமானது. ஒரு உறுப்பு தெரியலன்னா "இல்ல"ன்னு எழுதாம "தெரியல"ன்னு எழுதுங்க, ரெண்டும் வேற வேற.

போட்டோவுக்கு, ஃபோகஸை கொஞ்சம் கொஞ்சமா இறக்கி 30 படம் எடுத்து ஸ்டாக்கிங் சாஃப்ட்வேர்ல சேத்தா மொத்தமும் ஷார்ப்பா வரும். பக்கத்துல ஸ்கேல் வைக்க மறக்காதீங்க.

உள்ளுறுப்பு வேணும்னா

இது வீட்ல முடியாது. 1982ல போய்னர், ஹெஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பால்டிக் அம்பர் பூஞ்சை ஈ ஒண்ணை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்து தசை நார், செல்லோட உட்கரு வரைக்கும் காட்டுனாங்க. டிஎன்ஏ எடுத்துட்டோம்னு 90கள்ல சொன்னதெல்லாம் திரும்ப செஞ்சு பாத்தப்போ வரல. இப்ப துண்டை வெட்டாமலே எக்ஸ்ரே சிடி ஸ்கேன்ல உள்ள பாக்கறாங்க. பிரான்ஸ்ல கிரெனோபிள்ங்கற ஊர்ல இருக்கற சிங்க்ரோட்ரான்ல (ரொம்ப சக்தியான எக்ஸ்ரே தர்ற பெரிய மெஷின்), வெளிய ஒண்ணுமே தெரியாத இருட்டு அம்பருக்குள்ளயே நூத்துக்கணக்குல பூச்சிங்களைக் கண்டுபிடிச்சாங்க. மார்ஃபோசோர்ஸ் தளத்துல இந்த மாதிரி ஸ்கேன் ஃபைல் இருக்கு, இறக்கிக்கிட்டு 3டி ஸ்லைசர்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல திறந்து, தலையை மட்டும் தனியா வெட்டித் திருப்பிப் பாக்கப் பழகுங்க.

வேலை முடிஞ்சா துண்டை நல்லா கழுவி ஈரம் காய விட்டு, ஜிப் கவர்ல போட்டு, வெயில் படாத இருட்டு டிராயர்ல வைங்க, வெளிச்சமும் காத்தும் பட்டா வருஷக்கணக்குல செவந்து மேல விரிசல் விடும். எங்க கிடைச்சது, எப்ப வாங்குனீங்க, எந்தப் பக்கம் தேச்சீங்கன்னு ஒரு சீட்டுல எழுதி அதே கவருக்குள்ள போடுங்க.